மூளையின் பாலத்தைத் தேடியவர்: ரோஜர் ஸ்பெரி

வைத்தியர் என் சின்ன அண்ணாவைக் கண்ணை மூடச் சொன்னார். வலது கையில் ஒரு திறப்பை வைத்தார். திறப்பு என்று அண்ணா உடனே சொன்னார். பிறகு அதே திறப்பை இடது கையில் வைத்தார். அண்ணா விரல்களால் தடவினார், உருட்டினார், என்னவென்று தெரியவில்லை என்றார். வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே இடது கை அந்தத் திறப்பைச் சரியாகப் பிடித்து, பூட்டைத் திறப்பதுபோலத் திருப்பியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இது நடந்தது 2017 இல். அண்ணாவின் தலை அடிபட்டது 2006 ஏப்ரலில், மூதூர் கிழக்கில் எறிகணைகள் விழுந்த நாட்களில். எறிகணை வெடித்த வேகத்தில் சுவரோடு தூக்கி எறியப்பட்டார். ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார். சீ.ரி. ஸ்கான் எடுத்தார்கள். இரத்தக் கட்டி இல்லை, ஒப்பரேஷன் தேவையில்லை என்றார்கள். நினைவு திரும்பியது, நடந்தார், கதைத்தார். உயிர் தப்பியதே போதும் என்று கும்பிட்டோம். பிறகு சம்பூரை விட்டு வெளியேறி வாகரை, மட்டக்களப்பு, கிளிவெட்டி முகாம் என்று வருடங்கள் போயின.

அந்த வருடங்களில்தான் அண்ணாவின் இடது கை தனிப் போக்கில் போகத் தொடங்கியது. வலது கை சேர்ட்டின் பொத்தானைப் பூட்டும், இடது கை அதைக் கழற்றும். வலது கை சோற்றுக் கோப்பையை இழுக்கும், இடது கை தள்ளும். முகாமில் சிலர் நடிப்பு என்றார்கள், சிலர் சோம்பல் என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். அம்மா சம்பூர் பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். நானும் ஒருநாள் அண்ணாவை ஏசியிருக்கிறேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

திறப்பைக் கையில் வைத்துப் பார்த்த அந்த வைத்தியர் எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார். அதில் தெரிந்தது அண்ணாவின் மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தில் ஏற்பட்ட காயம். இப்படிச் சோதிக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் யார் என்று கேட்டேன். ரோஜர் ஸ்பெரி என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். இந்தக் கட்டுரை அந்த மனிதரைப் பற்றியது.

தகப்பனை இழந்த பிள்ளை

ரோஜர் ஸ்பெரி 1913 ஓகஸ்ட் 20 ஆம் திகதி அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் பிறந்தார். தகப்பன் வங்கி ஊழியர். ரோஜருக்குப் பதினொரு வயதானபோது தகப்பன் இறந்துபோனார். குடும்பத்தின் சுமை தாயின் தலையில் விழுந்தது. தாய் ஊர்ப் பாடசாலையில் அதிபருக்கு உதவியாளராக வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

புலமைப் பரிசில் கிடைத்து ஸ்பெரி ஓபர்லின் கல்லூரிக்குப் போனார். அங்கே அவர் படித்துப் பட்டம் பெற்றது ஆங்கில இலக்கியத்தில், 1935 இல். மூளையை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவரின் முதல் பட்டம் இலக்கியம் என்பது பலருக்குத் தெரியாது. கூடைப்பந்து அணியின் தலைவராகவும் இருந்தார். இடையில் படித்த உளவியல் பாடம் அவரை வேறு பக்கம் இழுத்தது. உளவியலில் முதுகலை முடித்து, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் 1941 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அப்போது நரம்பியல் அறிஞர்கள் பலர் நம்பிய ஒரு கருத்து இருந்தது. நரம்பு எங்கே போய் இணைந்தாலும் பரவாயில்லை, பயிற்சியால் மூளை எல்லாவற்றையும் திருப்பிப் பழகிக்கொள்ளும் என்பதே அது. ஸ்பெரியின் ஆசிரியர் போல் வைஸும் நரம்புகளின் இணைப்பிடம் முக்கியமில்லை என்ற பக்கத்தில்தான் நின்றார். மாணவன் அதைச் சோதித்துப் பார்த்தார். எலியின் பின்னங்கால்களுக்குப் போகும் நரம்புகளை இடம் வலமாக மாற்றி இணைத்தார். இடது காலில் நோகச் செய்தால் எலி வலது காலைத் தூக்கியது. எத்தனை நாள் பயிற்சி கொடுத்தும் அது திருந்தவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருக்குக் கிடைத்த போர்ப் பணியும் நரம்புக் காயங்களைப் பற்றியதுதான். போர்முனையில் கைகால் நரம்பு அறுந்த வீரர்களுக்கு எந்த நரம்பை எதனோடு தைப்பது என்ற கேள்வி அன்று சத்திர சிகிச்சை வைத்தியர்களின் முன்னால் நின்றது. பிழையாக இணைத்தால் பயிற்சி அதைச் சரிசெய்துவிடும் என்று இருக்கக்கூடாது என்பதை ஸ்பெரியின் எலிகள் காட்டின.

தவளை, நீர்ப்பல்லி போன்றவற்றின் கண் நரம்பு வெட்டினாலும் திரும்ப வளரும். அவற்றின் கண் நரம்பை வெட்டி, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். வளர்ந்த நரம்பிழைகள் தத்தமது பழைய இடத்தையே தேடிப்போய்ச் சேர்ந்தன. அதனால் அந்தப் பிராணிகளுக்கு உலகம் தலைகீழாகத் தெரிந்தது. பூச்சி மேலே இருந்தால் தவளை கீழே நாக்கை நீட்டியது. வாழ்நாள் முழுவதும் அப்படியே. ஒவ்வொரு நரம்பிழைக்கும் தான் போகவேண்டிய இடம் தெரியும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

1949 இல் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அவருக்குக் காசநோய் இருப்பது தெரிந்தது. சாரனாக் லேக் என்ற மலைப் பிரதேச ஊருக்கு ஓய்வுக்கு அனுப்பப்பட்டார். ஆய்வுகூடம் இல்லாத அந்த நாட்களில், மூளைக்கும் மனதுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பற்றி எழுதத் தொடங்கினார். அதே வருட இறுதியில் நோர்மாவைத் திருமணம் செய்தார். 1954 இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியரானார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

யாரும் மதிக்காத பாலம்

நமது மூளை இடது, வலது என்று இரண்டு பாதிகள். இரண்டையும் நடுவில் இணைக்கிறது ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் சேர்ந்த ஒரு தடித்த பட்டை. அதன் மருத்துவப் பெயர் கோர்ப்பஸ் கலோசம். மூதூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போவதென்றால் வள்ளம், அல்லது துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். துறைமுகம் அங்கே இருந்தது, வயல் இங்கே இருந்தது. பாதை ஓடாத நாளில் இரண்டு கரையும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கரையில் நடப்பது அந்தக் கரைக்குத் தெரியாது.

இவ்வளவு பெரிய இணைப்பு எதற்கு என்பது 1950 வரை ஒருவருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் 1939 முதல் வான் வாகெனன் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் கடும் வலிப்பு நோயாளிகள் சிலருக்கு இந்தப் பாலத்தை வெட்டினார். வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் பரவாமல் தடுப்பது அவரின் நோக்கம். அந்த நோயாளிகளை அக்கெலைட்டிஸ் என்ற வைத்தியர் பரிசோதித்தார். பெரிதாக ஒரு குறையும் காணவில்லை என்று எழுதினார். கதைக்கிறார்கள், நடக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். அதற்குப் பிறகு இந்தப் பாலம் அறிஞர்கள் மத்தியில் பகிடிக்குரிய பொருளானது. மூளையின் இரண்டு பாதியும் தொய்ந்து விழாமல் தாங்குவதுதான் அதன் வேலை என்று ஸ்பெரியின் முன்னாள் வழிகாட்டி லாஷ்லி கூடப் பகிடி விட்டாராம்.

இதை வாசித்தபோது எனக்கு அண்ணாவின் பழைய மருத்துவத் துண்டுகள் நினைவுக்கு வந்தன. அவற்றிலும் குறையொன்றும் இல்லை என்றுதான் இருந்தது. பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த விதத்தில் அது தெரியாது.

ஸ்பெரி பார்க்கும் விதத்தை மாற்றினார். சிக்காகோவில் இருந்தபோதே றொனால்ட் மயர்ஸ் என்ற மாணவரோடு சேர்ந்து பூனைகளில் தொடங்கினார். கண்களிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்தையும், மூளைப் பாலத்தையும் வெட்டினார்கள். அப்போது ஒவ்வொரு கண்ணும் தன் பக்கத்து மூளைக்கு மட்டும் செய்தி கொடுக்கும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பூனைக்கு ஒரு பாடம் பழக்கினார்கள். பிறகு கண்ணை மாற்றி மூடினார்கள். அந்தப் பாடத்தை முன்பின் கண்டறியாததுபோலப் பூனை நின்றது. ஒரு பாதி படித்தது மறு பாதிக்குப் போகவில்லை. பாலத்தின் வேலை என்னவென்று அன்று தெரிந்தது.

போரில் அடிபட்ட ஒருவர்

மனிதரில் அதைக் காட்டியவர் ஒரு போர்க் காயக்காரர். மருத்துவ ஏடுகள் அவரை டபிள்யூ.ஜே. என்ற முதலெழுத்துகளால் மட்டும் குறிப்பிடுகின்றன. இரண்டாம் உலகப் போரில் பரசூட்டில் குதித்த அமெரிக்கச் சிப்பாய். எதிரியிடம் பிடிபட்டபோது துப்பாக்கிப் பிடியால் தலையில் அடி வாங்கியவர். போர் முடிந்து ஊருக்கு வந்த பிறகு வலிப்பு வரத் தொடங்கியது. வருடங்கள் போகப் போகக் கடுமையானது. மருந்துகள் எதுவும் கேட்கவில்லை.

1962 பெப்ரவரியில், லொஸ் ஏஞ்சல்ஸில் பிலிப் வோகல், ஜோசப் போகன் என்ற இரு சத்திர சிகிச்சை வைத்தியர்கள் அவரின் மூளைப் பாலத்தை வெட்டினார்கள். வலிப்பு பெருமளவு அடங்கியது. ஸ்பெரியும் அவரின் மாணவர் மைக்கேல் கசானிகாவும் அவரைச் சோதித்தார்கள்.

சோதனை எளிமையானது. நாம் நேரே ஒரு புள்ளியைப் பார்க்கும்போது அதற்கு வலப்பக்கம் தெரிவது இடது மூளைக்குப் போகும், இடப்பக்கம் தெரிவது வலது மூளைக்குப் போகும். பெரும்பாலானோருக்குப் பேச்சு இடது மூளையில் இருக்கிறது. திரையின் வலப்பக்கம் ஒரு படத்தைக் கண் அசையும் முன் காட்டி மறைத்தால் டபிள்யூ.ஜே. பெயர் சொன்னார். இடப்பக்கம் காட்டினால் ஒன்றையும் காணவில்லை என்றார். ஆனால் அப்படிச் சொன்ன அதே நேரத்தில் அவரின் இடது கை, கண்டதற்கு அடையாளமாகப் பொத்தானை அழுத்தியது. வலது மூளை கண்டது. அதனால் வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

வர்ணக் கட்டைகளை மாதிரிப்படி அடுக்கச் சொன்னால் இடது கை அடுக்கியது, வலது கை தடுமாறியது. வலது கை தடுமாறும்போது இடது கை குறுக்கே வந்து உதவப் பார்த்தது. வீட்டில் உடுப்புப் போடும்போது இரண்டு கையும் எதிரெதிராக வேலை செய்ததும் உண்டு. அந்தப் பகுதியை வாசித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கள் அண்ணாவின் சேர்ட் பொத்தான்தான் அது. நடிப்பென்று சொன்னவர்கள் எல்லோரும் என் கண் முன்னால் வந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஸ்பெரிக்கு 1981 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதில் பாதி அவருக்கு, மறுபாதி பார்வையை ஆராய்ந்த ஹூபெல், வீசல் இருவருக்கும். மயர்ஸ், போகன், வோகல், கசானிகா ஆகியோர் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. தலை திறக்கச் சம்மதித்து, வருடக்கணக்காகத் திரைக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருந்த நோயாளிகள் இல்லாமலும் நடந்திருக்காது.

படத்தில் தெரிந்த பாலம்

ஸ்பெரியின் சோதனைகளில் ஒரு குறை இருந்தது. உயிரோடிருக்கும் ஒருவரின் மூளைப் பாலம் உண்மையில் எவ்வளவு வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. சத்திர சிகிச்சை செய்தவரின் குறிப்பை நம்ப வேண்டியதுதான். அக்கெலைட்டிஸ் பார்த்தவர்களில் சிலருக்குப் பாலத்தின் ஒரு பகுதி மட்டுமே வெட்டப்பட்டிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது எம்.ஆர்.ஐ. வலுவான காந்தத்தின் நடுவில் ஆளைப் படுக்க வைத்து, உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் அணுக்களை வானொலி அலைகளால் தூண்டி, அவை திருப்பி அனுப்பும் சைகையிலிருந்து படம் எடுக்கும் முறை அது. இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. தலையை நடுவால் பிளந்து பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல எடுக்கும் படத்தில் கோர்ப்பஸ் கலோசம் ஒரு வளைந்த பாலம்போலவே தெளிவாகத் தெரியும். 1985 இல் கசானிகாவின் குழு இப்படிப் படம் எடுத்தபோது, முழுவதும் வெட்டியதாகக் கருதப்பட்ட ஒருவரின் பாலத்தில் முன்னும் பின்னும் சில இழைகள் எஞ்சியிருந்தது தெரிந்தது. 1988 இல் போகனும் வோகலும் தாங்கள் பல வருடங்களுக்கு முன் செய்த சத்திர சிகிச்சை முழுமையாக நடந்திருந்ததை எம்.ஆர்.ஐ. மூலம் காட்டினார்கள். ஸ்பெரி அப்போது உயிரோடிருந்தார்.

கத்தி படாமலும் இந்தப் பாலம் காயப்படலாம் என்பதே நமக்கு முக்கியம். தலை வேகமாகக் குலுங்கி முறுக்குப்படும்போது நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. மண்டையோடு உடையாமலே இது நடக்கும். 1956 இல் சபினா ஸ்ட்ரிச் என்ற பெண் நோயியல் வைத்தியர், தலையில் அடிபட்டு நீண்ட காலம் சீராகாமல் இறந்தவர்களின் மூளைகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து இதை எழுதினார். பின்னர் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இந்த வகைக் காயத்தைத் தரம் பிரித்தபோது, கோர்ப்பஸ் கலோசம் அடிபடுவதை அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக வைத்தார்கள்.

சீ.ரி. ஸ்கான் இரத்தக் கட்டியையும் எலும்பு முறிவையும் விரைவாகக் காட்டும். உயிர் காப்பதற்கு முதலில் வேண்டியது அதுதான். ஆனால் நரம்பிழைகள் அறுந்த காயம் அதில் பலவேளை தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் அது வெள்ளைத் தழும்பாகவோ, நுண்ணிய இரத்தக் கசிவு விட்டுச்சென்ற கறுப்புப் புள்ளிகளாகவோ தெரியலாம். அந்தப் புள்ளிகளுக்கென்றே தனிப் பட முறை உண்டு. வருடங்கள் கழிந்த பிறகும் அவை தெரியக்கூடும். அண்ணாவுக்குப் பதினொரு வருடம் கழித்துத் தெரிந்தது.

எல்லாத் தலைக் காயத்துக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறதி, கோபம், வலிப்பு எல்லாமே இந்தப் பாலத்தால் வருவதுமில்லை. அதை வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் சன்னமும் செல் துண்டும் உடம்பில் வைத்திருக்கும் நம் ஆட்கள் ஒன்றை அவசியம் அறிந்திருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. ஒரு பெரிய காந்தம். உடம்பிலிருக்கும் இரும்புத் துண்டை அது இழுக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்குள்ளோ, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ, முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ துண்டு இருந்தால் அது ஆபத்து. அண்ணாவின் முதுகில் இரண்டு சிறு துண்டுகள் இருந்தன. முதலில் எக்ஸ்ரே எடுத்து, அவை எங்கே இருக்கின்றன என்று பார்த்து, பிறகுதான் எம்.ஆர்.ஐ.க்கு விட்டார்கள்.

காயம் இருந்தாலே சந்தேகம் வந்த காலம் ஒன்று இருந்தது. எந்தக் காயம், எங்கே பட்டது என்று கேட்டால் விழுந்தது என்று சொல்லிப் பழகிவிட்டோம். மூதூரில் தமிழரும் முஸ்லிம்களும் இப்படி மறைத்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்கான் அறையில் மட்டும் மறைக்க வேண்டாம். எவ்வளவு பழைய துண்டாக இருந்தாலும் சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடியாவிட்டால் கூடப் போகிறவர் சொல்லட்டும்.

கடைசி வருடங்கள்

ஸ்பெரி அதிகம் கதைக்காத மனிதர். மண்பாத்திரமும் சிற்பமும் செய்தார். பழங்காலச் சங்கு உயிரிகளின் கல்லுருக்களைத் தேடிச் சேகரித்தார். மனைவி பிள்ளைகளோடு காட்டிலும் கடற்கரையிலும் கூடாரம் போட்டுத் தங்கினார். தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் ஒரு நரம்பு நோய் பல வருடம் அவரை வாட்டியது. நரம்புகளைப் படித்தவர் தன் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடுவதை அறிந்தபடி வாழ்ந்தார். அந்த நாட்களிலும் மனதையும் மனித விழுமியங்களையும் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். 1994 ஏப்ரல் 17 ஆம் திகதி, தனது எண்பதாவது வயதில், பசடீனா நகரில் காலமானார்.

1968 இல் அவர் செய்த ஒரு பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறவியிலேயே கோர்ப்பஸ் கலோசம் இல்லாத ஒரு பல்கலைக்கழக மாணவி. வெட்டுப்பட்டவர்கள் தவறிய சோதனைகளை அவர் செய்து காட்டினார். சிறு வயதிலிருந்தே பாலம் இல்லாதபோது மூளை வேறு வழிகளைத் தேடிக்கொள்ளும் என்பதை அது காட்டியது. வளர்ந்த பிறகு அடிபட்டவருக்கு அவ்வளவு வழி திறக்காது. ஆனால் கொஞ்சம் திறக்கும்.

அண்ணாவின் பாலம் திரும்ப வளரவில்லை. அதற்கு மருந்து இல்லை என்று வைத்தியர் நேராகவே சொன்னார். தொழில்வழிச் சிகிச்சை கொடுத்தவர் சில உத்திகளைப் பழக்கினார். செய்யும் வேலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்வது ஒன்று. கண்ணால் பார்த்தால் இரண்டு பாதி மூளைக்கும் செய்தி போகும். அடுத்தது என்ன செய்யப்போகிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்வது. இப்போது காலையில் சேர்ட் போடும்போது அண்ணா கண்ணாடிக்கு முன்னால் நின்று, பூட்டு, பூட்டு என்று தன் இடது கைக்குச் சொல்வார். பெரும்பாலான நாட்களில் அது கேட்கும்.

கேட்காத நாட்களில் நான் போய்ப் பூட்டிவிடுகிறேன். வீட்டில் இப்போது ஒருவரும் நடிப்பு என்று சொல்வதில்லை.